கொறச்சுச் சொன்ன தூரம்

எங்க ஊர்ல ஒரு பழக்கம், சுமையோட மலையேறுறவன்கிட்ட உள்ள தூரத்தச் சொல்ல மாட்டோம். சொன்னா முழங்கால் மடங்கிரும்பாங்க, பாதி மலையில மடங்குன முழங்கால நிமித்தி அவன மேல கொண்டுபோய்ச் சேக்குறது எமனாலயும் ஆகாதும்பாங்க. அதனால "இன்னும் எம்புட்டுத் தூரம்"னு மூச்சு வாங்க எவன் கேட்டாலும், "இந்தா, அந்தத் திருப்பந்தேன்", "இந்தா, வந்துருச்சு", "ஒரு கூப்பிடு தூரந்தேன், நடங்க"ன்னு சொல்லிச் சொல்லியே கூட்டிப் போயிருவோம். திருப்பம் வரும், போகும், அதுக்கு அங்கிட்டு இன்னொரு திருப்பம் இருக்கும். அதப் பொய்னு நாங்க ஒரு நாளும் நெனச்சதில்ல. தாகத்துல வந்தவனுக்கு ஒரு சொம்புத் தண்ணி குடுக்குற மாதிரின்னுதேன் நெனச்சோம்.

ஊரு பேரு ஒத்தப்புளி. பஸ்ஸு வந்து திரும்புற எடம், அதுக்கு மேல ரோடு கெடையாது, ஊசிமுடி உச்சிக்குப் போற நடபாதைதான். சோலைக்காடு, புல்லுமேடு, அட்டைக்கடி, வழுக்குப்பாறைன்னு அஞ்சு நாள் நடை. அந்தப் பாதை தொடங்குற எடத்துல டீக்கடை போட்டிருக்கிறவ நான், பவுன்தாயி. மெட்ராஸ்லயிருந்தும் பெங்களூர்லயிருந்தும் ஆளு ஒசரத்துக்குப் பையத் தூக்கிக்கிட்டு, முட்டிக்கு ஒரு பட்டை, கைக்கு ரெண்டு குச்சின்னு புள்ளைக வரும். வீட்டுல மெத்தையில படுத்துக் கெடக்க வேண்டியதுக லீவு போட்டு வந்து கல்லுல படுக்குதுகளேன்னு நான் கேலி பண்ணுவேன். ஆனா அதுக வந்தாத்தேன் எங்க ஊர்ல அடுப்பெரியும், அதையும் சொல்லிரணும்.

வழிகாட்டியாப் போற ஆம்பளைகள்ல மொக்கராசு மாதிரி தூரத்தக் கொறைக்க இன்னொருத்தன் பொறந்துதேன் வரணும். அழுது உக்காந்துட்ட பொம்பளப்புள்ளையக்கூட, "இந்தா பாப்பா, பவுனக்கா கடை டீ வாசம் அடிக்குது பாரு"ன்னு சொல்லி எந்திரிக்க வச்சிருவான், கடை இருக்கிறது மூணு மலைக்கு இங்கிட்டு. மனசு எளகுன பய, அடுத்தவங்க கண்ணீரப் பாத்தா அவனுக்குத் தாங்காது, ஒடனே வாய் "இந்தா"ன்னு ஆரம்பிச்சிரும். அவன் பொண்டாட்டி நாகஜோதி. கல்யாணமாகி ரொம்ப வருசம் கோயில் கோயிலா ஏறி எறங்கி, கடைசியா ஒரு பொட்டப்புள்ள பொறந்துச்சு. ஹர்ஷிதான்னு பேரு வச்சாங்க, எங்க வாய்க்கு அது நுழையாம ஊரே "அரிசி"ன்னுதேன் கூப்பிட்டுச்சு. தாய்ப்பாலத் தவிர ஒரு சொட்டு வேற எதையும் வாயில வாங்காத புள்ள, புட்டிப்பாலக் காட்டுனாத் துப்பிரும்.

அன்னைக்கு வெள்ளென அரிசியத் தூளியில தூங்கப் போட்டுட்டு நாகஜோதி குழாயடிக்கு வந்தா. ராசு என் கடையில நின்னு ஒரு கும்பலோட பைகளக் கட்டிக்கிட்டிருந்தான். அதுல முன்னாடி நின்ன பிரவீன்ங்கிற தம்பி, "அண்ணா, ஊசிமுடி எவ்வளவு தூரம்ணா?"ன்னு கேட்டான். ராசு நிமிந்துகூடப் பாக்காம, "கூப்பிடு தூரந்தேன் தம்பி, நடங்க, பின்னாடியே வாரேன்"னான். அந்தப் புள்ளைக என் கடையத் தாண்டித் திருப்பத்துல திரும்புச்சுக, திரும்புன எடத்துலயே ஊசிமுடி நின்னுச்சு. சோலையும் இல்ல, புல்லுமேடும் இல்ல, அஞ்சு நாள் நடை மொத்தமும் காணாமப் போயிருச்சு. நான் ஊத்தி வச்ச டீ ஆறுறதுக்குள்ள உச்சியத் தொட்டுட்டுத் திரும்பி வந்துட்டாங்க, மூஞ்சியெல்லாம் செத்துப் போயி.

"அக்கா, நடக்கத்தானேக்கா வந்தோம். பாதை எங்கக்கா?"ன்னு பிரவீன் கேட்டான்.

"என்னையக் கேட்டா? பாயாட்டம் நானா சுருட்டி வச்சிருக்கேன்?"ன்னேன்.

அப்பத்தேன் நாகஜோதி வீட்டுப் பக்கமிருந்து "மதினீ"ன்னு ஒரு கூப்பாடு கேட்டுச்சு. கரண்டியப் போட்டுட்டு ஓடுனேன். அது சர்க்காரு கட்டிக் குடுத்த தொகுப்பு வீடு, ஒரே அறை, நாலு எட்டு வச்சா எதிர்ச்சுவரு மூக்குல இடிக்கும். வாசப்படியில நின்னு எட்டிப் பாக்குறேன், சிமிண்டுத் தரை போயிக்கிட்டே இருக்கு. அவ சீருக்கு வந்த பீரோ எங்கயோ தூரத்துல நிக்குது, அதுக்கும் அங்கிட்டு, அதுக்கும் அங்கிட்டு, மஞ்சச் சேலையில கட்டுன தூளி கடுகு அளவுக்குத் தெரியுது. தூளி ஆடுது, புள்ள முழிச்சிருச்சு. ஆனா அழுகச் சத்தம் ஒடனே கேக்கல, கொஞ்ச நேரங்கழிச்சுத்தேன் நடந்து வந்த மாதிரி வாசலுக்கு வந்து சேந்துச்சு.

அந்த நிமிசமே எனக்கு வெளங்கிருச்சு, மத்தவங்களுக்கும் வெளங்கிருச்சு. ஒருத்தரும் "இது எப்படி"ன்னு கேக்கல. இத்தன வருசமா நாங்க கொறச்சுச் சொன்ன தூரம் காத்துல கரைஞ்சா போகும்? எங்கிட்டாச்சும் கெடந்துதானே ஆகணும். மல எங்க வாக்கக் காப்பாத்தி மேல கூப்பிடு தூரமாக்கிக் குடுத்துருச்சு, மிச்சத்தக் கொண்டாந்து எங்க வீடுகளுக்குள்ள எறக்கி வச்சிருச்சு. அதிகமாக் கொறச்சவன் வீட்டுல அதிகமா எறங்குச்சு.

ராசு ஓடி வந்தான். கட்டி வச்சிருந்த பையில ஒண்ணத் தோள்ல மாட்டுனான், நான் எலுமிச்சஞ்சோறு கட்டிக் குடுத்தேன், குடத்துத் தண்ணிய நாகஜோதி பாட்டில்ல ஊத்திக்கிட்டா. வீட்டுக்குள்ள போறதுக்கு ரெண்டு பேரும் செருப்பு மாட்டுனாங்க. புருசனும் பொண்டாட்டியும் சொந்த வீட்டு வாசல்ல நின்னு என்னப் பாத்து, "போயிட்டு வாரோம்"னாங்க.

பத்து எட்டு வச்சிருப்பா, நாகஜோதிக்கு அழுக பொங்கிருச்சு. ராசுக்கு அதப் பாத்துத் தாங்கல, வாய் தன்னால தெறந்துருச்சு. "அழாத நாகு. இந்தா, பீரோவத் தாண்டுனா வந்துருச்சு"ன்னான். நான் வாசல்ல நின்னு கண்ணால பாத்தேன், பீரோ வெடுக்குனு பின்னால போச்சு, கடுகு மாதிரித் தெரிஞ்ச தூளி ஊசிமுனையாச்சு. தொணைக்குன்னு ஊர்க்காரங்க நாலு பேரு பின்னாடியே போனாங்க, அவங்களுக்கும் முன்னாடி போனவங்களுக்கும் நடுவுலயும் தூரம் விழுந்துருச்சு, அவங்க நடந்து நடந்து பாத்துட்டுத் திரும்பிட்டாங்க. "அடப் பாவி, வாய மூடுடா"ன்னு நான் கத்துனேன், ஆனா என் சத்தம் அவன் காதுக்கு எப்பப் போய்ச் சேந்துச்சோ.

இங்க ஊருக்குள்ள நடந்ததையும் சொல்லணும். மனுச சென்மம் எதுக்குத்தேன் பழகாது? மொதல்ல, வீட்டுக்குள்ள செருப்புப் போட்டு நடக்குறதாடின்னு ஒருத்தர ஒருத்தர் ஏசிக்கிட்டோம். சாயங்காலத்துக்குள்ள எல்லாரும் போட்டுட்டோம், சாமி படத்துக்கு முன்னாடிகூட. அடுப்படிக்குப் போறவ வாசல்ல இருக்கிறவன்கிட்ட சொல்லிட்டுப் போனா, அவனும் எங்கன்னு கேட்டா ஆகாதுன்னு "தூரமா?"ன்னு கேட்டான், "அடுப்படி வரைக்கும்"னு சொல்லி முந்தானைய இழுத்துச் செருகிக்கிட்டுக் கெளம்புனா. பூசாரி கட்டுச்சோறு கட்டிக்கிட்டுக் கருவறைக்குப் போனாரு, அவரு படைக்கப் போன பொங்கல் அம்மன்கிட்டப் போய்ச் சேரையில ஊசிப் போயிருந்துச்சாம், அம்மன் ஒண்ணும் சொல்லலையாம். மேலத்தெரு மாமியாளும் மருமகளும் போட்ட சண்டை இருக்கே, இவ காலையில வஞ்சது அவளுக்குப் பொழுது சாயத்தேன் போய்ச் சேரும், அவ திருப்பி வையுறது மறுநாக் காலையில இவ கோலம் போடையில வரும், அதுக்குள்ள எதுக்கு வஞ்சோம்னே இவளுக்கு மறந்து போயிருக்கும். என் கடையிலயும் அடுப்புக்கும் பெஞ்சுக்கும் நடுவுல அரைப்பொழுது நடை, நான் பிளாஸ்க்குல ஊத்திக் கையில தூக்கிக்கிட்டுப் போயி டீ வித்தேன்.

வந்த புள்ளைக சும்மா இருக்குமா? மலையில பாதை போச்சேன்னு உக்காந்திருந்தது, வீட்டுக்குள்ள பாதை இருக்குன்னு கண்டுபிடிச்சிருச்சு. "அக்கா, உங்க வீட்டு உள்ரூமு வரைக்கும் போகலாமா"ன்னு கேட்டு ஊருக்குள்ள வீடு வீடாப் போச்சுக. செல்போன்ல படம் போட்டதும் மறுநா பஸ்ஸு நெறைஞ்சு வந்துச்சு. பஞ்சாயத்துத் தலைவரு தன் வீட்டுப் பரணுக்கு ஏறத் தனியா வழிகாட்டி வச்சாரு. யாரு வாயும் திருந்தல. "இன்னும் எவ்வளவு தூரம்"னு கேட்டா, "இந்தா, அந்த அண்டாவத் தாண்டுனா வந்துருச்சு"ன்னுதேன் சொன்னோம், சொல்லச் சொல்ல எங்க வீடுக நீண்டுக்கிட்டே போச்சு. அது எங்களுக்கும் தெரியும். கூட்டம் வருதேன்னு இருந்துட்டோம்.

ஆனா பொம்பளைக நாங்க நாலஞ்சு பேரு மாறி மாறி ராசு வாசல்லயே காவல் கெடந்தோம். அந்த வாசல்ல அரிசியோட அழுக விட்டு விட்டு வந்துச்சு, காலையில அழுதது மத்தியானம் வந்துச்சு, மத்தியானம் அழுதது எப்பவோ வந்துச்சு. பால் குடுக்குற பொம்பளைகளுக்கு அதக் கேட்டதும் ரவிக்கை நனைஞ்சு போச்சு, எந்திரிச்சு ஓடிப் போயி அவங்கவங்க புள்ளைய வாரி எடுத்துக்கிட்டாங்க. மறுநாக் காலையில அந்த அழுக நின்னு போச்சு. நின்னது இப்பவா, இல்ல நேத்தே நின்னது இப்பத்தேன் எங்களுக்குத் தெரியுதான்னு யாருக்கும் வெளங்கல. நான் அம்மனக் கேவலமாத் திட்டுனேன், மன்னிப்பும் கேட்டுக்கிட்டேன்.

உள்ள நடந்தது பின்னாடி நாகஜோதி என்கிட்டச் சொன்னதுதேன், அவ சொன்னபடியே சொல்றேன்.

நடந்தாங்க, நடந்தாங்க, தரை வெடிப்புகளத் தாண்டி, துணி காயப்போடுற கொடிக்கு அடியில, சுவத்து ஓரமாவே பிடிச்சு நடந்தாங்க. மார்ல பால் கட்டி அவளுக்கு நெஞ்சு கல்லாயிருச்சு, வலி தாங்காமக் குனிஞ்சு குனிஞ்சு நடந்தா. அவ முனங்கும்போதெல்லாம் இவன் "இந்தா, அந்தக் காலண்டருதேன்"னான், காலண்டர் பின்னால போச்சு. "இந்தா, ஜன்னல் வந்துருச்சு"ன்னான், ஜன்னலும் போச்சு. மொத நாளு சாயந்தரம் பீரோக்கிட்ட வந்து சேந்தப்ப, காலையில வாசல்ல நின்னப்பத் தூளி எம்புட்டுச் சிறுசாத் தெரிஞ்சுச்சோ அத விடச் சிறுசாத் தெரிஞ்சுச்சாம். பீரோக் கண்ணாடியில அவ தன்னப் பாத்துருக்கா, பின்னால நிக்கிற புருசனையும் பாத்துருக்கா. அவன் வாய் அசையப் போகுது. அப்பத்தேன் அவளுக்கு எல்லாம் பிடிபட்டிருக்கு.

திரும்பி அவன் சட்டையக் கொத்தாப் பிடிச்சா. "மாமா, ஒரு தடவ, ஒரே ஒரு தடவ எனக்கு ஆறுதல் சொல்லாத. தூரத்தச் சொல்லு"ன்னா.

"நாகு, இந்தா..."

"இந்தான்னா நாக்க அறுத்துருவேன். எம்புட்டுத் தூரம்?"

அவன் அவ மூஞ்சியப் பாத்தான், தூளியப் பாத்தான். வாழ்நாள் பூரா மலையில நடந்த பய, கண்ணால அளந்தா அவனுக்குத் தெரியாத தூரம் இல்ல. கன்னத்துல தண்ணி ஓட ஓடச் சொன்னான். "ரொம்பத் தூரம் நாகு. இன்னைக்குப் போய்ச் சேர மாட்டோம். நாளைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள போனாப் பெருசு. புள்ள இப்பவே பசியில இருப்பா. நாம போறப்ப அவ இருப்பாளான்னு எனக்குத் தெரியல. தெரியலடி."

அவளுக்கு முழங்கால் மடங்கிருச்சு. பெரியவங்க சொன்ன மாதிரியே மடங்குச்சு. அந்தச் சிமிண்டுத் தரையில முட்டிபோட்டு, தலையத் தரையில மோதி அழுதா, அவனும் பக்கத்துல உக்காந்து அழுதான், ஒரு வார்த்தையும் பேசல. அழுது முடிச்சு அவ நிமிந்து பாத்தா. தூளி அதே எடத்துல இருந்துச்சு. போகல. கையூனி எந்திரிச்சா, நாலு எட்டு வச்சா, தூளி நாலு எட்டுப் பக்கத்துல வந்துச்சு. "உள்ள தூரம்னா நடக்க நடக்கக் கொறையும் மதினி, அம்புட்டுத்தேன்"னு என்கிட்டச் சொன்னா. அதுக்கு அப்புறம் ராசு உள்ளத மட்டுந்தேன் சொன்னான். "இன்னும் பாதி இருக்கு." "இன்னும் பாதிக்குப் பாதி." ஒவ்வொண்ணும் அவளுக்குக் கால்ல முள்ளுத் தைச்ச மாதிரி இருந்துச்சு, ஆனா நடந்தா. வழியில புள்ளையோட சத்தம் நின்னு போனதையும் கேட்டா. கேட்டும் நடந்தா.

மறுநாப் பொழுது சாயுறப்பப் போய்ச் சேந்தாங்க. தூளிய விலக்கிப் பாக்க ரெண்டு பேருக்கும் தைரியமில்ல. அவதேன் விலக்குனா. அரிசி கண்ணத் தெறந்து கெடந்தா, ஒதடு வெடிச்சு, தொண்டையில சத்தமே இல்லாம, வாய மட்டும் தெறந்து தெறந்து மூடிக்கிட்டு. தூக்கி மார்ல வச்சப்ப மொதல்ல குடிக்கத் தெரியாம முழிச்சிருக்கு. அப்புறம் பிடிச்சிருச்சு. நாகஜோதி இதச் சொல்றப்ப என் கடை பெஞ்சுல உக்காந்து என் கையத்தேன் பிடிச்சிருந்தா, அவ நகம் பதிஞ்ச தடம் ரெண்டு நாளா எனக்கு வலிச்சுச்சு.

புள்ளையோட திரும்பி வர்றப்ப எதுத்தாப்புல குச்சி ஊனிக்கிட்டு ஒரு கும்பலு, பிரவீனும் அவன் கூட்டமும். இந்த வீட்டுத் தூளிதேன் இருக்கிறதுலயே தூரமான எடம்னு கேள்விப்பட்டு, வாசல்ல நாங்க கண்ணசந்த நேரம் உள்ள பூந்து வந்திருக்குக. "அண்ணா, தொட்டில் பாயிண்ட் இன்னும் எவ்வளவு தூரம்?"னு சிரிச்சுக்கிட்டே கேட்டான். ராசு உள்ளதச் சொன்னான், ஒண்ணு விடாம. அங்க என்ன இருந்துச்சுன்னும் சொன்னான். அந்தத் தம்பி புள்ளையோட ஒதட்டப் பாத்தான், அப்படியே தரையில உக்காந்துட்டான். பெறகு எந்திரிச்சு, ராசு தோள்ல கெடந்த பைய வாங்கித் தான் மாட்டிக்கிட்டு, வாசல் வரைக்கும் கூட வந்தான்.

அதுக்கப்புறம் ராசு தூரத்தக் கொறச்சுச் சொல்றத விட்டுட்டான், அவன் வீடும் கொஞ்சங் கொஞ்சமாச் சுருங்கிப் பழையபடி நாலு எட்டுக்கு வந்துருச்சு. அவன் பொழப்புத்தேன் போச்சு. தூரத்த உள்ளபடி சொல்ற வழிகாட்டிய எவன் கூட்டிட்டுப் போவான்? இப்ப ஊர்ல நாத்து, கரும்புன்னு கெடைச்ச வேலைக்குப் போறான். மத்த வீடுக இன்னும் நீளமாத்தேன் கெடக்கு. நான் மட்டும் என்ன யோக்கியம், போன வாரங்கூட ஒருத்தன்கிட்ட "இந்தா, பெஞ்சு வந்துருச்சு தம்பி"ன்னு சொல்லிட்டு நாக்கக் கடிச்சுக்கிட்டேன்.

ஆனா ஒண்ணு மட்டும் சுருங்கல. அன்னைக்கு அரிசி அழுத அழுகையில பாதி வாசலுக்கு வந்து சேரவே இல்ல, ராசு "இந்தா, இந்தா"ன்னு சொல்லிச் சொல்லி விழுந்த தூரத்துக்குள்ள சிக்கிக்கிச்சு. அது இப்பத்தேன் ஒண்ணொண்ணா வருது. வெறுந்தூளிக்குள்ளயிருந்து, பட்டப்பகல்ல, பச்சப்புள்ள தொண்ட வறண்டு அழுகுற சத்தம். தூளிய அவுத்துப் பாத்தாங்க, வெறும் உத்தரத்துலயிருந்து வந்துச்சு, திரும்பக் கட்டிட்டாங்க. புள்ள பால் மறந்து வருசமாச்சு, ஆனாலும் அந்தச் சத்தம் வந்தா நாகஜோதிக்கு ரவிக்கை நனையுது. வேலையப் போட்டுட்டு ஓடுறா, ஓடிப் போயித் தூளிக்குப் பக்கத்துல வெறுங்கையோட நிக்கிறா.

போன செவ்வாக்கெழம நான் அங்க இருந்தேன். நாகஜோதி முருங்கக்கீரை ஆஞ்சுக்கிட்டிருந்தா, ராசு வாசல்ல மம்பட்டிக்குப் புடி போட்டுக்கிட்டிருந்தான், அரிசி எங்க நடுவுல உக்காந்து பிஸ்கட் தின்னுக்கிட்டிருந்தா. உள்ளயிருந்து அழுக வந்துச்சு. நாகஜோதி கீரையப் பிடிச்ச கையோட அப்படியே நின்னுட்டா. "இன்னும் எம்புட்டுக் காலத்துக்கு மாமா இது வரும்?"னு கேட்டா.

ராசு அவ மூஞ்சியப் பாத்தான், ஒதடு "இ"ன்னு விரிஞ்சுச்சு, மூடிக்கிட்டான். "தெரியல நாகு. ரொம்ப அழுதிருக்கா"ன்னான்.

அரிசி எங்க மூணு பேரையும் மாறி மாறிப் பாத்தா. "பாப்பாக்குப் பசிக்குதும்மா"ன்னா. அழுகுறது தான்தான்னு அதுக்கு எப்படித் தெரியும்? கையிலயிருந்த கடிச்ச பிஸ்கட்டத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, "இந்தா பாப்பா, வந்துட்டேன், வந்துட்டேன்"னு சத்தமாச் சொல்லிக்கிட்டே உள்ள ஓடுனா. ராசு கையிலயிருந்து மம்பட்டி விழுந்துச்சு, நாங்க மூணு பேரும் வாசப்படிக்கு ஓடி எட்டிப் பாத்தோம். தரை நீளல. நாலு எட்டுத்தேன், ஓடிப் போயிச் சேந்துட்டா. நுனிக்கால்ல எக்கி, வெறுந்தூளிக்குள்ள பிஸ்கட்ட நீட்டிக்கிட்டு நின்னா. உள்ள அழுக நிக்கல, அவளும் நீட்டுன கைய எடுக்கல.